ஒன்பது நாள் தாங்கினால் பாறையம்மா

பிப். 2, ஞாயிறு

பனி. எட்டரை வரை எதிர்வீடு தெரியவில்லை. ஊரே போர்வைக்குள். நான் மட்டும் வாசலில் நின்று முறத்தால் விசிறிக்கொண்டிருந்தேன். காது, கழுத்து, முதுகு எல்லாம் கொதி. ஐந்து நிமிடம் இருக்கும். அப்புறம் வேர்வை ஆறி, நின்ற இடத்திலேயே பல் கிட்டியது. விடிந்ததிலிருந்து மூன்றாவது முறை.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாமே, பனியில விசிறிக்கினு நிக்கிற? பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"சூடா கீதுன்னு நெனப்பான்."

இந்த வாரம்:
– அங்கன்வாடியில் சத்து மாவு மூட்டையை ஈரம் படாமல் மேலே ஏற்ற
– எடைத் தராசின் கொக்கி வளைந்துவிட்டது, தட்டி நிமிர்த்த
– திருவிழாச் சாமை என் பங்கு நான்கு படி, வியாழன் இடிக்க
– வாயைக் கட்ட. எள், பப்பாளி, அன்னாசி, வெல்லம், கருவாடு எதுவும் கூடாது

கடைசியானதுதான் முக்கியம். பாறையம்மா திருவிழா 11ஆம் தேதி, செவ்வாய். இன்னும் ஒன்பது நாள். போன திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பு தலைக்குக் குளித்தேன். அதற்குப் பிறகு தூரம் வரவே இல்லை. ஒரு திருவிழாவிலிருந்து அடுத்த திருவிழா வரை தூரத் துணி எடுக்காதவள், அவள் இருக்கிற பாறை உச்சிக்கு ஏறலாம். அதுதான் ஊர்க் கணக்கு. ஒன்பது நாள் தாங்கினால் நான் ஏறுவேன்.

கடைசியாக ஏறியது பதினோரு வயதில். இப்போது ஐம்பது.

பிப். 3, திங்கள்

குழந்தைகள் 11. முட்டை சரியாக இருந்தது. சிக்னல் இல்லை. மாடு கட்டுகிற கல் மேல் ஏறி நின்று போனை ஆட்டியும் ஒன்றும் நடக்கவில்லை.

பூங்கொடி வந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம். கதவோரமே நின்றுகொண்டாள். வந்த காரியம் முகத்திலேயே இருந்தது. பதிவேட்டை எடுத்தேன். எல்.எம்.பி. கட்டத்தில் பேனாவை வைத்தேன்.

"கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துன?"

"மார்கழி பொறந்து மூணா நாளு டீச்சர்."

பத்தொன்பது வருடமாக இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரிடமும் இதே கேள்வி. மாமியாரிடம் மறைப்பார்கள், புருஷனிடம் மறைப்பார்கள். என்னிடம் ஒருத்தியும் தேதியை மாற்றிச் சொன்னதில்லை. என் தேதியைக் கேட்கத்தான் ஆளில்லை. அதனால் இந்த டைரி. உரக்கடைக்காரர் கொடுத்தது. முதல் பக்கத்தில் யூரியா மூட்டை படம்.

இந்த அங்கன்வாடிக் கட்டிடம் இருக்கும் இடத்தில்தான் முன்பு ஒதுக்குக் குடிசை இருந்தது. தூரமான பெண்கள் ஐந்து நாள் அதில்தான் இருக்க வேண்டும். குடிசை மழையில் விழுந்தது, யாரும் திரும்பக் கட்டவில்லை. கட்டிடத்துக்கு இடம் வேண்டும் என்று ஆபீஸிலிருந்து வந்தபோது, வேறு யாரும் பங்கு கேட்காத நிலம் இதுதான் என்று ஆண்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாதம் ஐந்து நாள் இங்கே உட்கார்ந்திருந்தேன். இப்போது மாதம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், சம்பளத்தோடு.

பிப். 4, செவ்வாய்

காலையில் கொஞ்சம் வெயில். மொச்சை காயப் போட்டேன்.

ருக்கு கால் தாங்கித் தாங்கி வந்தாள். எங்கள் அங்கன்வாடி ஆயா. அதற்கு முன்னாலேயே என் சிநேகிதி. ஒரே வருடம் பிறந்தோம், ஒரே வாரத்தில் வயசுக்கு வந்தோம். அதற்கு முந்தின திருவிழாவில் இருவரும் கடைசியாக மேலே ஏறி, பாறையம்மா முன்னால் கைமேல் கை அடித்துச் சத்தியம் செய்தோம்: மறுபடி ஏறினால் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான். அந்த வயதில் இதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. எவளோ பெரியவள் ஒருத்தி சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ருக்குவுக்கு நின்று மூன்று வருடம். மூன்று வருடமும் ஏறவில்லை. "நீ வராம நான் மட்டும் போய் அவளுக்கு இன்னா பதில் சொல்றது?" என்று கீழேயே இருந்துவிட்டாள். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. "இந்த வருஷம் முட்டி கீது. அடுத்த வருஷம் இருக்குமோ இல்லியோ. நீ பத்திரமா இருடி காவேரி," என்கிறாள். என்னமோ நான் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி.

மதியம் ஒரு குழந்தையின் அப்பா பிறந்தநாள் என்று எள்ளுருண்டை கொண்டுவந்தார். கை நீட்டிவிட்டேன். ருக்கு பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். உருண்டை உருண்டு போனது. "டீச்சருக்கு ஆவாது," என்றாள். சர்க்கரையா என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். சாயங்காலத்துக்குள் எனக்குச் சர்க்கரை என்று ஊர் முழுக்கச் செய்தி. இரண்டு பேர் பாகற்காய் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடிவயிற்றில் லேசாக வலி. மொச்சையால் இருக்கும்.

பிப். 6, வியாழன்

சாமை இடித்தோம். பதினாறு உலக்கை. மற்றச் சாமை எல்லாம் மெஷினுக்குப் போகும். பாறையம்மாவுக்கு மட்டும் கையால் இடிக்க வேண்டும். இடிக்கிறவர்கள் எல்லோரும் ஊர் வழக்கில் நடுவயதுப் பெண்கள், அதாவது வயசுக்கு வந்து இன்னும் நிற்காதவர்கள், மேலே ஏறக்கூடாதவர்கள். வயசுக்கு வராத பெண்பிள்ளைகள் ஏறலாம், நின்றுபோனவர்கள் ஏறலாம், ஆண்கள் எப்போதும் ஏறலாம். நாங்கள் எல்லைப் புளியமரம் வரைதான். எங்கள் கை இடித்த அரிசி மேலே போகும், எங்கள் கால் போகாது.

பொன்னாயி அத்தை மேற்பார்வை. என் வீட்டுக்காரருக்கு அத்தைமுறை. ஆண்குரல், வாய் நிறைய வெற்றிலை. இருபது வருடம் முன்பு திருவிழாவில், மேலே பாறையில், இவள் மேல் சாமி வந்தது. அன்றிலிருந்து பொங்கல் பானை இவள் கையில். திருவிழாவன்று மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து ஏறுகிற ஒவ்வொருத்தியையும் "நின்னுச்சா?" என்று கேட்பதும் இவள்தான். சொன்னால் போதும், சோதனை கிடையாது.

சரசு கேட்டாள். வயது முப்பத்தைந்து, போன ஆனியில் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். "அத்தை, எனக்கு நிக்கல. எடுத்துட்டாங்க. நான் ஏறலாமா?"

உலக்கைகள் நின்றன. அத்தை வெற்றிலையை அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு மாற்றினாள்.

"பையி எங்க?"

"அவங்களே வச்சிக்கினாங்க."

"அப்ப இன்னா. அது ஏறக்கூடாது. நீ ஏறு."

சிரித்த சிரிப்பில் ஒரு உலக்கை என் கால் விரலில். வலித்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தேன். இந்த மரத்தடிக் கூட்டத்தில் இதுவே எனக்குக் கடைசி இடிப்பு என்று நினைத்து, என் பங்கு முடிந்த பிறகும் உலக்கையைக் கீழே வைக்கவில்லை. வெளியில் சொன்னால் அடிப்பார்கள்.

இன்னும் ஐந்து நாள்.

பிப். 7, வெள்ளி

வந்துவிட்டது.

காலை ஐந்தே முக்கால். பாத்ரூமில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி பத்து நிமிடம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கோபம். அப்புறம் சிரிப்பு. அப்புறம் மறுபடி கோபம். முந்நூற்று அறுபது நாள் எங்கே போயிருந்தாய், இன்னும் நாலு நாள் அங்கேயே இருந்திருக்கக் கூடாதா?

வீட்டில் துணி இல்லை. இனி எதற்கு என்று போகிக்குப் பழைய துணி எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்தினேனே! கொளுத்தும்போது கை தட்டினேன் வேறு. வீட்டுக்காரரின் புது வெள்ளை வேட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பாவம் என்று விட்டுவிட்டு, பழைய தலையணை உறையைக் கிழித்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு. தலைவலி என்று சொல்லி அவரையே ஏற்றச் சொன்னேன். திரியைத் தலைகீழாகப் போட்டு ஏற்றினார். மற்றபடி எங்கள் வீட்டில் தூரச் சட்டம் எப்போதோ போய்விட்டது. அவருக்குச் சமைக்கத் தெரியாது, அதுதான் காரணம்.

யாரிடமும் சொல்லவில்லை. ருக்குவிடமும்.

பிப். 8, சனி

பனி இல்லை, காற்று. புளியம்பழம் தானாக விழுகிறது.

மதியம் ருக்கு ஜமுனாமரத்தூர் போய் வந்தாள். முட்டி வலியோடு, பஸ்ஸில் நின்றுகொண்டே. பையைப் பிரித்தாள். கிளிப்பச்சைப் புடவை, மஞ்சள் கரை. இரண்டு. அச்சாக ஒரே மாதிரி.

"சின்னதுல ஒரே மாதிரி பாவாடை கட்டிக்கினு ஏறுனோமே. அதான். கட்டிப் பாருடி."

கட்டிப் பார்த்தேன். அவளும் கட்டினாள். அங்கன்வாடிக் கண்ணாடியில் நாங்கள் கழுத்து வரைதான் தெரிவோம். ஸ்டூல் போட்டு ஏறி மாறி மாறிப் பார்த்தோம். இரண்டு கிளிகள், அதில் ஒன்று நொண்டி. அவள் கண் நிறைய சந்தோஷம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், "கரை நல்லா கீது," என்று வந்தது.

பிப். 9, ஞாயிறு

குறைந்திருக்கிறது. செவ்வாய்க்குள் நின்றாலும் நிற்கலாம். நின்றாலும் கணக்கு கணக்குத்தான்.

சூடு நான்கு முறை.

பிப். 10, திங்கள்

பள்ளிக்கூட வாசலில் பம்பை வந்து இறங்கியிருக்கிறது. குழந்தைகள் யாரும் தூங்கவில்லை. தாலாட்டுப் பாடும்போது பம்பைக்காரர் ஒத்திகை பார்த்தால் எது நிற்கும்?

பொய் சொன்னால்: யாருக்கும் தெரியாது. ருக்கு ஏறுவாள். சத்தியம் நிறைவேறும். அவள் முட்டி வீணாகாது. புடவை வீணாகாது.

உண்மை சொன்னால்: ருக்கு அழுவாள். அல்லது அடிப்பாள். அடுத்த வருடம் அவளால் முடியாது.

பொய் சொன்னால் பாறையம்மாவுக்குத் தெரியுமே? தெரியட்டும், அவளும் பெண்தானே என்று ஒரு மனம். பெண் என்றால் இன்னும் மோசம், விடமாட்டாள் என்று இன்னொரு மனம். உண்மையில் எனக்குப் பாறையம்மா மேல் அவ்வளவு பயம் இல்லை. ருக்கு முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

முடிவு: பொய். "வருஷம் திரும்பிடுச்சு அத்தை." மூன்று சொல். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது.

பிப். 11, செவ்வாய்

எழுத உட்கார்ந்தால் சிரிப்புதான் வருகிறது. மாலை ஐந்து மணி. தலை இன்னும் காயவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலை ஆறரை. கடும் பனி. எல்லைப் புளியமரத்தடியில் ஊர் முழுக்க. ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள். பெண்பிள்ளைகள் தண்ணீர்க் குடத்தோடு குதித்து ஓடினார்கள். நின்றுபோனவர்கள் வரிசை. நானும் ருக்குவும் கிளிப்பச்சையில், கை கோத்துக்கொண்டு. கல் மேல் பொன்னாயி அத்தை, மடியில் பானை.

சரசு போனாள். ருக்குவைக் கேட்டாள் அத்தை. "மூணு வருஷம் ஆச்சு, உனக்கே தெரியும், நவுரு," என்று இவள் தாண்டிவிட்டாள். அடுத்து நான்.

"நின்னுச்சா?"

நான் பெண்களைக் கேட்கிற அதே குரல். ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. பேனாவைக் கட்டத்தில் வைத்துக்கொண்டு கேட்பேனே, அப்படி. என்னிடம் ஒருத்தியும் தேதியை மாற்றிச் சொன்னதில்லை.

"நிக்கல அத்தை. வெள்ளிக்கிழமை வந்துடுச்சு."

சத்தமாகவே வந்தது. பம்பைக்காரரே நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ருக்கு திரும்பினாள். "பாவி! வெள்ளிக்கிழமையா? நான் சனிக்கிழமைதானேடி ரெண்டு பொடவ எடுத்தேன்! கட்டிப் பாத்தியே! கரை நல்லா கீதுன்னியே!"

கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகை. "போடி. முட்டி இருக்கறப்பவே போ. எனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வா," என்று அவள் முதுகைப் பிடித்துத் தள்ளினேன். போகமாட்டேன் என்று நின்றாள். மறுபடி தள்ளினேன். திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். நொண்டி நொண்டி, பச்சைப் புடவை பனிக்குள் போய் மறைந்தது. அந்த நிமிடம் இந்த உடம்பை அவ்வளவு வெறுத்தேன்.

நடுவயதுக் கூட்டத்துக்குத் திரும்பினேன். "வா வா, எங்க கட்சிக்கே வந்துட்டியா," என்று இடம் ஒதுக்கினார்கள். பூங்கொடி தன் போர்வையையும் என் மேல் போர்த்தினாள். இன்னொருத்தி சுடச்சுடக் காபி கொடுத்தாள். முப்பது பேர் நெருக்கி. கற்பூரப் புகை. பம்பை மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

அப்போது வந்தது சூடு.

இதுவரை இப்படி வந்ததில்லை. உள்ளங்காலில் பிடித்து உச்சிக்கு ஏறியது. இரண்டு போர்வையையும் தூக்கி எறிந்தேன். மூச்சு முட்டி எழுந்து நின்றேன். கொண்டை பின்கழுத்தை அவித்தது, அவிழ்த்துவிட்டேன். காற்று படட்டும் என்று தலையை இப்படியும் அப்படியும் உதறினேன். வேர்வை ஆறு மாதிரி. பாறைப் பக்கம்தான் கொஞ்சம் காற்று வந்தது, அந்தப் பக்கம் கையை நீட்டினேன்.

ஒரு குலவை. அப்புறம் முப்பது குலவை.

"ஆத்தா வந்துட்டா! டீச்சர் மேல ஆத்தா வந்துட்டா!"

பம்பைக்காரர் என் முன்னால் வந்து நின்று அடித்தார். பூங்கொடி காலில் விழுந்தாள். நான் "இல்லம்மா, இல்ல" என்று கையை ஆட்டினால் அதற்கும் குலவை. பொன்னாயி அத்தை ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள். இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்: ஐம்பது வருடத்தில் அப்படி ஒரு சுகம் நான் கண்டதில்லை. இன்னொரு குடம் ஊற்றமாட்டார்களா என்றிருந்தது. ஊற்றினார்கள்.

சுகம் போனதும் அறிவு வந்தது. இப்போதுதான் ஒரு உண்மை சொல்லி எல்லாவற்றையும் இழந்தேன். மறுபடி பொய்யா? "அத்தை, இது சாமி இல்ல. இது நிக்கிற காலத்துல வர்ற—"

அத்தை என் வாயில் ஒரு கொத்து வேப்பிலையைத் திணித்தாள். காதோடு சொன்னாள்: "மூடிக்கினு இரு."

சாமியிடம் இப்படியா பேசுவார்கள் என்று திகைத்து நின்றுவிட்டேன்.

சேதி மேலே போய், நாட்டாண்மை பாதிப் பாறையிலிருந்து இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. "இது எப்பிடி? இப்பத்தானே அந்தம்மா தூரம்னு வாயால சொல்லிச்சாம். எல்லாரும் கேட்டீங்களாம். தூரமான பொம்பள மேல அவ எப்பிடி வருவா?"

எல்லோரும் பொன்னாயி அத்தையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பொன்னாயி அத்தை வெற்றிலையைத் துப்பினாள். "எப்பிடி வருவான்னு என்னிய இன்னாத்துக்குக் கேக்கற? வந்து நிக்கிறாளே. அவளையே கேளு."

நாட்டாண்மை என்னைப் பார்த்தார். அதற்குள் சூடு இறங்கி, நனைந்த புடவையோடு பனியில் குளிர் பிடித்துக்கொண்டது. பல் கடகடவென்று அடித்தது. தாடை நிற்கவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை. அவர் முகம் வெளுத்தது. "கோவமா கீறாடா," என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். போன மாதம் இதே மனிதர்தான் அங்கன்வாடிக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றித் தர மறுத்தவர். நன்றாகக் கிடக்கட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாறையம்மா எங்கே இறங்குகிறாளோ அங்கேதான் பொங்கல். அதுவும் ஊர்ச் சட்டம். அவர்கள் போட்ட சட்டம்தான். மேலே போன விறகு கீழே வந்தது, தண்ணீர் கீழே வந்தது, ஆண்கள் வரிசையாகக் கீழே வந்தார்கள். எல்லைப் புளியமரத்தடியில் மூன்று கல் கூட்டினோம். பானையை அத்தை வைத்தாள். ஆனால் அடுப்பை யார் ஊதுவது? மேலே ஏறினவர்கள் பாதிப் பேர் இன்னும் வந்து சேரவில்லை. பூங்கொடி ஊதினாள். சாமை இடித்தவர்களே சாமையைப் போட்டார்கள். எனக்குத் தெரிந்து நடுவயதுக்காரி ஒருத்தி பாறையம்மா பானையைத் தொட்டது இன்றுதான். பூங்கொடி ஊதிக்கொண்டே இருந்தாள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தாள்.

ருக்கு? பாதி வழியில் சேதி கேட்டு, இறங்கினால் முட்டி தாங்காது என்று, பாறையில் உட்கார்ந்தே சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். புதுப் புடவை பின்பக்கம் முழுக்க மண். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். குரலை இறக்கி, "நெஜமாவாடி?"

"சூடுடி," என்றேன், வேப்பிலைக்குள்ளிருந்து.

சிரிப்பை அடக்க அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் மேலும் சாமி வந்துவிட்டது என்று பின்னால் ஒரு குலவை. அடங்கியதும் என்னை முறைத்தாள்.

"உன்கூட சேந்து அவ முன்னாடி நிக்கணும்னு முப்பத்தொம்பது வருஷமா இருந்தேன். நீயே அவளா வந்து நின்னா நான் யாருகூடடி நிக்கிறது?"

பானை பொங்கியது. பாறையைப் பார்த்துப் பொங்கி வழிந்தது. நான் வேப்பிலையைத் துப்பினேன். தள்ளி வந்து ருக்கு பக்கத்தில் நின்றேன். ஒரு கிளி ஈரம், ஒரு கிளி மண். கை கோத்துக்கொண்டோம். பனி விலகி மேலே பாறை தெரிந்தது, உச்சியில் ஒரு ஆள் கூட இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பொங்கலில் உப்பு இல்லை. பரபரப்பில் எல்லோரும் மறந்துவிட்டோம். யாரும் குறை சொல்லவில்லை.

பிப். 12, புதன்

மூக்கடைப்பு. மஞ்சள் தண்ணீர் உபயம். தூரம் ஆறாம் நாள், கொஞ்சம்தான். ஒடுகத்தூர் பெரிய டாக்டரம்மாவிடம் ஒருமுறை காட்ட வேண்டும் (ருக்கு முட்டியையும்).

வந்த பாகற்காய் தீரவில்லை.

வழியில் நாட்டாண்மை கும்பிட்டார். நானும் விடவில்லை. "மேல ஓட்டை கீதுங்க," என்றேன். நாளைக்கே ஓடு மாற்றுகிறாராம்.

பத்து மணிக்குப் பொன்னாயி அத்தை அங்கன்வாடிக்கு வந்தாள், நேற்று நான் எறிந்த போர்வைகளை மடித்து எடுத்துக்கொண்டு. உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். "அத்தை, நேத்து நான் சொல்ல வந்தது உனக்குப் புரிஞ்சிதா? அது சாமி இல்ல. இந்த வயசுல உடம்பு அப்பிடி சூடாவும். பொஸ்தகத்துலயே போட்டுக்கீது."

"தெரியும்."

"தெரியுமா?"

அத்தை வெற்றிலையை மடித்தாள். அவசரமே இல்லை. "எனக்கு இருவது வருஷம் முன்னாடி வந்துச்சே, அது மட்டும் இன்னான்னு நெனச்ச? குளுருல வேர்த்து ஊத்துச்சு. தலைய அவுத்தேன். கொலவை போட்டாங்க. நானும் இல்ல இல்லன்னுதான் சொன்னேன். அப்பப் பானை வச்சிருந்தவ என் வாயில வேப்பலைய வச்சா."

"அப்ப அவளுக்கும்?"

"நான் கேக்கல. நீ வேணா செத்துப்போனவள போய்க் கேளு."

எழுந்தாள். கதவுக்கிட்டே நின்று, "அடுப்பு எரியுதுன்னா யாரு மூட்டுனான்னு கேக்கணுமா? பொங்குச்சா இல்லியா?" என்றுவிட்டுப் போனாள். அடுத்த வருடமும் பொங்கல் கீழேயேதானாம். ஆண்களிடம் சொல்லிவிட்டாளாம், கேட்கவில்லை, சொல்லிவிட்டாள்.

ருக்கு எல்லாவற்றையும் சமையல் கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முட்டியில் கட்டு. முகம் ஒரு மாதிரி. "உனக்கு அந்த மாதிரி வந்ததே இல்லியாடி?" என்றேன்.

"மூணு வருஷமா வருது. சத்தியம் பண்ணிட்டு ஏறாம இருக்கேனே, அதான் அவ என்மேல காயுறான்னு நெனச்சேன். சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

மூன்று வருடம்! பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தனித்தனியாக வெந்திருக்கிறோம். நான் வெளியே போய் விசிறிக்கொள்வேன், இவள் அரிசி கழுவுகிறேன் என்று தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுக்கொள்வாள். அதனால்தான் எங்கள் அரிசி அவ்வளவு வெள்ளை. கட்டிப்பிடித்துக்கொண்டேன். விடுடி, வேர்க்குது என்றாள்.

மதியம். குழந்தைகள் 11. தட்டு வைத்தாயிற்று. ருக்கு முட்டை வைத்துக்கொண்டே வந்தவள் திடீரென்று பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஸ்வெட்டரை உருவி வீசினாள். கொண்டையை அவிழ்த்தாள். தட்டை எடுத்து விசிறிக்கொண்டாள்.

பூங்கொடியின் நாத்தனார் மகள், நாலு வயது, எழுந்து நின்றது. "ஆயா மேல சாமி வந்துடுச்சு!"

பதினோரு பேரும் எழுந்து கை கூப்பிவிட்டார்கள், வாயில் சோற்றோடு.

ருக்கு என்னைப் பார்த்தாள். அப்புறம் அவர்களைப் பார்த்தாள். "ஆமா, வந்துடுச்சு. முட்டைய மஞ்சக் கருவோட துன்னுங்கன்னு சொல்றா."

ஒரு தட்டிலும் ஒன்றும் மிச்சமில்லை.